குத்திய ஊசி எங்கே போகிறது? ஆஸ்பத்திரி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் முதலில் பெயரைக் கேட்பேன். அடுத்த கேள்வி, "ஹெபடைடிஸ் பி ஊசி எத்தனை போட்டிருக்கே?" என்பதுதான். "ஸ்கூல்லயே போட்டாங்க சிஸ்டர்" என்று பாதிப் பேர் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் போட்டது அநேகமாக டி.டி., அதாவது டெட்டனஸ் ஊசியாக இருக்கும். ஹெபடைடிஸ் பி ஊசி ஈரலைத் தாக்குகிற கிருமிக்கானது. இரண்டும் வேறு என்பதே அப்போதுதான் அவர்களுக்குத் தெரியவரும்.

காரைக்குடியிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் 26 வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். சின்ன நர்ஸிங் ஹோம், நடுத்தர ஆஸ்பத்திரி, கொஞ்ச காலம் வீடு வீடாகப் போய்ப் பார்த்தது என்று எல்லாம் உண்டு. ஊசி கையில் குத்தாமல் வேலை பார்ப்பது எப்படி, குத்திவிட்டால் என்ன செய்வது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், நர்ஸுகளுக்கு மட்டும் இல்லை. லேபில் ரத்தம் எடுக்கிற தம்பிகள், வார்டு கூட்டுகிற அக்காமார், துணி வெளுக்கிறவர்கள், பள்ளத்தூரிலோ கானாடுகாத்தானிலோ பெரிய வீடுகளில் தங்கி வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற பெண்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான். (எங்கள் பக்கத்து நகரத்தார் வீடுகளில் ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவர். வார்டு கூட்டுகிற அம்மாவை "ஆயா" என்று நாம் கூப்பிட்டால், படுத்திருக்கிற ஆச்சி ஒரு கணம் திரும்பிப் பார்ப்பார். அதனால் நான் அக்கா என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.)

உலகம் முழுக்க இருக்கும் சுமார் 3.5 கோடி சுகாதாரப் பணியாளர்களில் ஆண்டுக்கு 30 லட்சம் பேர்வரை ஊசியாலோ கூரான பொருளாலோ நோயாளியின் ரத்தத்தை உடம்பில் வாங்கிக்கொள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2002-ல் கணக்குச் சொன்னது. அதனால் வருகிற தொற்றில் 90 சதவீதத்துக்கு மேல் வளரும் நாடுகளில்தான். இங்கே இருப்பவர்களுக்கு வேலை தெரியாது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆள் குறைவு, பயன்படுத்திய ஊசியைப் போடுகிற டப்பா பற்றாக்குறை, தடுப்பூசி போடாமலே வேலைக்கு எடுப்பது, இவற்றோடு தேவையில்லாத ஊசிகளும் சேர்கின்றன. "மாத்திரைக்கெல்லாம் கேக்காது தாயி, ஒரு ஊசி போட்டு விடு" என்று வருகிறவர்களை நீங்களும் தினமும் பார்ப்பீர்கள். மாத்திரையில் தீருகிற காய்ச்சலுக்குப் போடும் ஒவ்வொரு ஊசியும் போடுகிறவர் விரலில் குத்த ஒரு வாய்ப்பு.

எதற்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். தொற்று உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 100-க்கு 30 வரை போகும். ஹெபடைடிஸ் சி 100-க்கு இரண்டுக்கும் குறைவு. எச்.ஐ.வி. 1000-க்கு 3. ஆனால் ஊரில் பயம் தலைகீழாக இருக்கிறது. எச்.ஐ.வி. என்றால் நடுங்குகிறவர்கள், ஹெபடைடிஸ் பி-யை "மஞ்சக்காமாலைதானே" என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் கிருமி உலர்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும்.

சேருவதற்கு முன்பே

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம் ஒன்று. தோள்பட்டைச் சதையில்தான் போட வேண்டும், இடுப்பில் போட்டால் சரியாகப் பிடிக்காது. குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசிப் பட்டியலில் இது நாடு முழுக்க வந்தது 2011-ல்தான். அதற்கு முன் பிறந்தவர்கள், அட்டையில் எழுதியிருந்தால் ஒழிய, போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. அளவு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவலையில்லை. அதற்குக் கீழே என்றால் டாக்டரிடம் காட்டி இன்னொரு சுற்றுப் போட வேண்டியிருக்கும். இந்தப் பரிசோதனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முடிவு வந்த தாளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஏன் என்று தெரியும்.

இதற்கு உங்கள் கைக்காசு போக வேண்டியதில்லை. மருத்துவக் கழிவைக் கையாளுகிற எல்லா ஊழியர்களுக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டியது ஆஸ்பத்திரியின் பொறுப்பு என்று 2016-ம் ஆண்டு உயிர் மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன. காண்ட்ராக்டில் கூட்டிப் பெருக்க வருகிற அக்காவும் அதில் அடக்கம். அவர் கேட்கத் தயங்குவார், அவருக்காக நீங்கள் கேளுங்கள்.

எப்போது குத்துகிறது

நோயாளிக்கு ஊசி போடும்போது நம் கையில் குத்திக்கொள்வது குறைவு. அந்த நேரம் கண்ணும் கையும் ஒரே இடத்தில் இருக்கும். ஊசி நோயாளி உடம்பை விட்டு வெளியே வந்தபிறகுதான் ஆபத்து. பஞ்சு வைக்க வேண்டும், பிளாஸ்டர் ஒட்ட வேண்டும், பக்கத்துக் கட்டிலில் டிரிப் தீர்ந்துவிட்டது என்று ஒருவர் கத்துகிறார், ஊசி இன்னும் கையில் இருக்கிறது. இல்லாவிட்டால் மூடியைத் திரும்பப் போடும்போது குத்தும். அதுவும் இல்லையென்றால், வேறொருவர் விட்டுப்போன ஊசி, விரிப்பு மடிக்கிற கையிலோ குப்பை தூக்குகிற காலிலோ ஏறும்.

அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: ஊசியை எடுக்கும் முன், அது போய்ச் சேரும் இடத்தைப் பார்த்து வை.

எனக்கு இது தெரிந்தது ஒரு தைப்பூசத்தில். நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடக்கிற கூட்டத்துக்காக வழியில் ஒரு முகாம் போட்டிருந்தார்கள். வேலைக்கு வந்து நான்காவது வருடம், ராத்திரி டூட்டி. காலில் கொப்புளத்தோடு வந்துகொண்டே இருந்தார்கள். ஊசியால் கொப்புளத்தின் ஓரத்தில் குத்தி நீரை எடுத்து, மருந்து வைத்துக் கட்டி அனுப்புவோம். மருந்து, பஞ்சு, சுக்கு காப்பி எல்லாம் இருந்தது. ஊசி போடுகிற டப்பா மட்டும் இல்லை, யாருக்கும் தோன்றவில்லை. டார்ச் வெளிச்சத்தில் ஒருவர் கொப்புளத்தைக் குத்திவிட்டு, ஊசிக்கு மூடி போடப் போனேன். மூடியை விட்டு விலகி இடது ஆள்காட்டி விரலில் இறங்கியது. அவர் "ரொம்ப நன்றித்தா" என்று சொல்லிக் கூட்டத்தோடு நடந்துவிட்டார். அவர் பெயரையும் கேட்டிருக்கவில்லை.

விரலைத் தண்ணீரில் கழுவிவிட்டு அடுத்தவருக்குக் கட்டுப் போட ஆரம்பித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அப்போது வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எய்ட்ஸ் டெஸ்ட் எடுத்த பொண்ணு" என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், கோட்டையூரில் சொன்னது சாயங்காலத்துக்குள் தேவகோட்டைக்குப் போய்விடும். மூன்று நாள் கழித்து மூத்த சிஸ்டர் ஒருவரிடம் அழுதுகொண்டே சொன்னபோது, மருந்து சாப்பிட வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்த ஆறு மாதம் நான் தூங்கிய தூக்கம் எனக்குத்தான் தெரியும்.

ஊசியைக் கையில் எடுக்கும் முன்

டப்பாவை முதலில் கொண்டுபோங்கள். கையை நீட்டினால் எட்டுகிற இடத்தில், இடுப்பு உயரத்தில், வாய் தெரிகிற மாதிரி வையுங்கள். எழுந்து நாலு எட்டு நடந்து போட வேண்டிய டப்பா இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. முக்கால் பாகம் நிறைந்திருந்தால் அது நிறைந்த டப்பா. புதியதை மாற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். நிறைந்த டப்பாவுக்குள் ஊசியைத் திணித்துக் குத்திக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் வெளிச்சம். கரண்ட் போனால் வருகிற வரை காத்திருங்கள். அவசரம் என்றால் இன்னொருவர் டார்ச் பிடிக்கட்டும், போனை வாயில் கவ்விக்கொண்டு ஊசி போடுகிற வேலை வேண்டாம்.

நோயாளியிடம் சொல்லிவிட்டுக் குத்துங்கள். "ஐயா, இப்ப சுருக்குனு இருக்கும், கையை இழுக்காதீங்க." இதற்கு ஐந்து நொடிகூட ஆகாது. சொல்லாமல் குத்தினால் கையை உதறுவார், ஊசி பிடுங்கிக்கொண்டு வந்து உங்கள் கையில் நிற்கும். குழந்தைக்கும், புத்தி பேதலித்த நிலையில் இருப்பவருக்கும், குடித்துவிட்டு விழுந்து வந்தவருக்கும் தனியாக ஊசி போடாதீர்கள். பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். பிடிப்பவரின் கை ஊசி போகும் பாதையில் இருக்கக் கூடாது.

கையுறை ஊசியைத் தடுக்காது. ஆனால் ஊசியின் வெளிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் ரத்தத்தில் ஒரு பகுதியை வழித்துவிடும். அதற்காகவே போடலாம்.

லேப் தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. சிரிஞ்சில் எடுத்த ரத்தத்தை டெஸ்ட் டியூபுக்கு மாற்றும்போது டியூபை இடது கையில் பிடித்துக்கொண்டு ரப்பர் மூடியில் ஊசியைக் குத்துவீர்கள். வழுக்கினால் நேரே பெருவிரல்தான். டியூபை ரேக்கில் நிறுத்துங்கள், கையில் பிடிக்காதீர்கள். சிரிஞ்சை விட்டு ஊசியைக் கழற்ற வேண்டியிருந்தால் விரலால் திருகாமல், டப்பா வாயில் இருக்கும் காடியில் மாட்டிக் கழற்றுங்கள். ரத்தம் நேரே டியூபுக்குள் போகிற வாக்குவம் ஊசி கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. விலை சற்றுக் கூடுதல்தான், ஆனாலும் கேட்டு வாங்குங்கள்.

வென்ஃப்ளான், அதாவது டிரிப் ஏற்றக் கையில் குத்தி வைக்கிற சின்னக் குழல் போடும்போது உள்ளே இருக்கும் ஊசியை உருவியதும் அதைக் கட்டில் மேல் வைத்துவிட்டு பிளாஸ்டர் ஒட்டப் போவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். அந்த ஊசி உள்ளே குழலாக இருக்கும், நேரே ரத்தக் குழாயிலிருந்து வந்தது, உள்ளே ரத்தம் நிறைந்திருக்கும். தையல் ஊசியைவிட இது பல மடங்கு ஆபத்து. உருவிய கையோடு டப்பாவில் போட்டுவிட்டுத்தான் பிளாஸ்டர்.

ஆபரேஷன் தியேட்டரில் கத்தியையும் ஊசியையும் கைக்குக் கை கொடுக்காமல் நடுவில் ஒரு டிரேயில் வைத்து எடுத்துக்கொள்வது நல்லது. பெரிய டாக்டர்கள் சிலருக்கு இது பிடிக்காது. சொல்லிப் பாருங்கள்.

மூடி

பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள். ஊசியை வளைக்கவும் வேண்டாம், கையால் உடைக்கவும் வேண்டாம்.

எப்போதாவது வேறு வழியே இல்லை என்று வரும். முகாமில் நான் இருந்த மாதிரி. அப்போது ஒரு கையால் மட்டும் செய்யுங்கள். மூடியை மேசை மேல் படுக்க வைக்க வேண்டும். மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஊசி முனையை மூடிக்குள் நுழைத்து, அப்படியே கோரி எடுத்து, சிரிஞ்சை நிமிர்த்தி, மூடியின் அடியை மேசையில் அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். புது ஊசியை வைத்து வீட்டில் இருபது தடவை பழகுங்கள். கூட்டத்தில் கை தானாக அதையே செய்யும்.

எந்த வாளியில் எது

கூரானது எல்லாம், அதாவது ஊசி, ஊசியோடு சேர்ந்த சிரிஞ்ச், பிளேடு, விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற லான்செட், துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். ஊசி இல்லாத சிரிஞ்ச், டிரிப் குழாய், கையுறை சிவப்பில். ரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சளில். உடைந்த கண்ணாடி, மருந்துக் குப்பி நீலத்தில். சுவரில் படம் ஒட்டியிருக்கும், ஒரு வாரத்தில் மனப்பாடமாகிவிடும்.

மனப்பாடமாகாதது வேறு. ஊசியைப் பஞ்சில் சுருட்டி மஞ்சள் பையில் போடுகிறவர் அன்றைக்கு வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் காலை அந்தப் பையை இடுப்பில் அணைத்துத் தூக்குகிறவர் ரப்பர் செருப்போடு வருகிற அக்கா. அவருக்குக் குத்தினால் யார் நோயாளி, எந்த ஊசி என்று கடவுளுக்குத்தான் தெரியும். எனக்குக் கோபம் வருகிற ஒரே இடம் இது.

அக்காமாருக்கு: பையைக் காலால் மிதிக்கவோ கையால் அமுக்கவோ வேண்டாம். கழுத்தைப் பிடித்து, உடம்பில் படாமல் தூக்குங்கள். தடித்த கையுறை, மூடிய ஷூ இரண்டும் கேட்டு வாங்குங்கள். விரிப்பை எடுக்கும்போது வாரி அணைக்காமல், முதலில் மேலே ஒருமுறை பார்த்துவிட்டு ஓரத்திலிருந்து சுருட்டுங்கள். தலையணைக்கு அடியில் ஊசி இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பெரிய வீடுகளில் வேலை பார்ப்பவர்களுக்கு

பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். இங்கே ஆச்சியும் ஐயாவும் மட்டும். தினமும் இரண்டு வேளை இன்சுலின். டூட்டி டாக்டர் கிடையாது, வெள்ளை டப்பாவும் கிடையாது.

ஒரு வீட்டில் ஆச்சி, பயன்படுத்திய ஊசிகளை எல்லாம் ஓலைக் கொட்டானில் சேர்த்து வைத்திருந்தார். அவர் கையால் முடைந்த கொட்டான், நல்ல வேலைப்பாடு. ஓலை இடுக்கு வழியாக ஊசி முனைகள் முள்ளம்பன்றி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. "குப்பையில போட்டா மாட்டு வாயில போயிரும்ல, அதான் சேத்து வச்சேன்" என்றார். அவர் நினைத்தது சரி, பாத்திரம்தான் தப்பு. இன்னொரு வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில். கீழே விழுந்தால் ஊசியோடு கண்ணாடியும் சேர்ந்துகொள்ளும்.

துணி சோப்புத் திரவம் வருகிற மாதிரியான தடித்த பிளாஸ்டிக் டப்பா, திருகு மூடியோடு, ஒன்று போதும். தண்ணீர் பாட்டில் மெல்லிசு, ஊசி துளைத்துவிடும். டப்பா மேல் தமிழில் பெரிதாக "ஊசி, தொடாதே" என்று எழுதி, பேரப்பிள்ளைகள் எட்டாத உயரத்தில் வையுங்கள். முக்காலுக்கு வந்ததும் மூடியை இறுக்கி பிளாஸ்டர் சுற்றி, அவர்கள் வழக்கமாகக் காட்டுகிற ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டு அங்கே கொடுத்துவிடுங்கள். கழிவு எடுக்கும் வண்டி அங்கேதான் வரும்.

ஊசி போட உள் அறை வேண்டாம், பழைய வீட்டு அறைகளில் பகலிலும் இருட்டு. ஆச்சியை வளவுக்குக் கூட்டி வந்து, முற்றத்து வெளிச்சத்தில் உட்கார வைத்துப் போடுங்கள். ஊசி கீழே விழுந்துவிட்டால் ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலையில் கண்ணுக்கே தெரியாது. கையால் தடவித் தேடாதீர்கள். போன் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால் ஊசி மட்டும் மின்னும். இடுக்கியால் எடுங்கள்.

குத்திவிட்டால்

இனி வருவதை வரிசையாகவே எழுதுகிறேன். அந்த நேரத்தில் மூளை வேலை செய்யாது, வரிசைதான் கைகொடுக்கும்.

1. வேலையை நிறுத்துங்கள். ஊசியை டப்பாவில் போடுங்கள். நோயாளியை இன்னொருவரிடம் விடுங்கள். மணி என்ன என்று பாருங்கள்.

2. சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். ரத்தத்தைப் பிதுக்கி எடுக்காதீர்கள். விரலை வாயில் வைக்காதீர்கள், அது நம் எல்லோருக்கும் தானாக வருகிற பழக்கம். ஸ்பிரிட், பிளீச்சிங், டெட்டால், மஞ்சள் எதுவும் வேண்டாம். கண்ணில் ரத்தம் தெறித்திருந்தால் சோப்பு இல்லாமல் சுத்தமான தண்ணீரிலோ சலைனிலோ இமையைத் திறந்து நன்றாக அலசுங்கள். வாயில் பட்டால் துப்பிவிட்டுப் பலமுறை கொப்பளிக்க வேண்டும்.

3. உடனே பொறுப்பில் இருப்பவரிடம் சொல்லுங்கள். ஷிப்ட் முடியட்டும், பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் முடியட்டும் என்று பார்க்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையின் முதல் தவணையை இரண்டு மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. நான் தவறவிட்டது இதைத்தான்.

4. யாருக்குப் போட்ட ஊசி என்று தெரிந்தால் டாக்டர் அவரிடம் பேசி, சம்மதம் வாங்கி, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் பரிசோதிப்பார். சம்மதம் இல்லாமல், மீதியிருக்கும் ரத்தத்தில் ரகசியமாகப் பார்ப்பது தப்பு. ஆனால் அந்த முடிவுக்காக முதல் தவணை மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. போட்டுவிட்டுக் காத்திருக்கலாம், அவருக்கு இல்லை என்று வந்தால் டாக்டர் நிறுத்திவிடுவார்.

5. கேஷுவாலிட்டியில் டி.டி. ஊசி ஒன்றைப் போட்டு "சரி, போயிட்டு வா" என்று அனுப்பப் பார்ப்பார்கள். இது பல இடங்களில் நடக்கிறது. டி.டி. தேவைப்படலாம், ஆனால் எச்.ஐ.வி.க்கும் ஹெபடைடிஸுக்கும் அது ஒன்றும் செய்யாது. நின்று கேளுங்கள்: எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை வேண்டுமா, என் ஹெபடைடிஸ் பி நிலைமை என்ன, இன்றைக்கு என் ரத்தத்தை எடுத்து வைக்கிறீர்களா? போனில் படம் எடுத்து வைத்த அந்தத் தாளைக் காட்ட வேண்டிய நேரம் இது. அளவு 10 அல்லது அதற்கு மேல் என்றால் ஹெபடைடிஸ் பி கவலை அங்கேயே முடிந்தது. தடுப்பூசியே போடாதவர், நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறது என்றால், இம்யூனோகுளோபுலின் என்ற ஊசியை முடிந்தால் 24 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் ஏழு நாளுக்குள் போட்டு, தடுப்பூசியையும் அன்றே தொடங்க வேண்டும்.

6. உங்கள் இடத்தில் மாத்திரை இல்லை என்றால் நேரத்தை வீணாக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காரைக்குடியிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. அடுத்து சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. கிளம்பும் முன் போன் செய்து மருந்து இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் நம்பிக்கை மையத்தில் இலவசம். 1097 என்ற எண்ணில் எய்ட்ஸ் உதவி மையத்தையும் கட்டணமில்லாமல் கூப்பிடலாம்.

7. எழுதுங்கள். நாள், மணி, எந்த விரல், எந்த ஊசி, கையுறை போட்டிருந்தீர்களா, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள். ஆஸ்பத்திரி பதிவேட்டில் ஏற்றச் சொல்லி, நகல் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். "இதெல்லாம் எழுதினா இன்ஸ்பெக்ஷன்ல கேப்பாங்க" என்பார்கள். கேட்கட்டும். நாளைக்கு நோய் வந்து, வேலையால்தான் வந்தது என்று காட்ட வேண்டியிருந்தால், இன்றைய ரத்த முடிவும் இந்தத் தாளும் தவிர உங்களிடம் வேறு சாட்சி இல்லை.

ரகசியம் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: 2017-ல் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது, 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்கிறது. ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் ஊழியர்களுக்குப் பாதுகாப்புச் சாதனமும், பயிற்சியும், ஊசி குத்தினால் தடுப்பு மருந்தும் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதாவது நீங்கள் கேட்பது சலுகை இல்லை. சட்டம் இருப்பதால் ஊர் வாய் மூடிவிடாது, அதுவும் எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்குப் பயந்து மருந்தைத் தவறவிட்ட நான்தான் இதை எழுதுகிறேன். உள்ளூரில் பரிசோதிக்கக் கூச்சமாக இருந்தால் மதுரைக்குப் போங்கள், தப்பில்லை. ஆனால் முதல் மாத்திரையை இங்கேயே போட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

28 நாள், அப்புறம் ஆறு மாதம்

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை 28 நாள். இப்போது பெரும்பாலும் மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, தினமும் ஒன்று. குமட்டல், தலைவலி, தூக்கக் குறைவு வரலாம், முதல் வாரம் கொஞ்சம் படுத்தும். நிறையப் பேர் பத்தாவது நாள் "ஒண்ணும் இல்லையே" என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், தொல்லை தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம், வயிற்றெரிச்சலுக்கு ஜெலுசில் இவற்றை இதோடு சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக ஏறாது. இதை முதலில் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து அவற்றைப் போடலாம். நம் பெண்களில் பாதிப் பேர் இரும்பு மாத்திரையில்தான் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்காக மருந்தே கிடையாது என்று ஆகாது.

ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முடிந்தது என்று சொல்கிற வரை ரத்த தானம் வேண்டாம், கணவன் மனைவிக்குள் ஆணுறை வேண்டும். சேர்ந்து சாப்பிடுவது, ஒரே குளியலறை, பிள்ளையைத் தூக்குவது எதற்கும் தடையில்லை.

ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியும் இல்லை, குத்தியவுடன் போடுகிற மருந்தும் இல்லை. பரிசோதித்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆனால் வந்துவிட்டாலும் இப்போது பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிறது. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அந்த மாத்திரை இலவசம்.

முதல் இரண்டு வாரம் தூக்கம் வராது. ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள், அக்காவிடமோ கூட வேலை பார்ப்பவரிடமோ. யாரும் இல்லையென்றால் நம்பிக்கை மையத்து ஆலோசகரிடம் பேசலாம், அவர் வேலையே அதுதான்.

வேலைக்குத் திரும்பிய அன்று, குத்திய இடத்துக்குப் போய் நின்று பாருங்கள். எங்கள் வார்டில் ஒரே வருடத்தில் மூன்று பேருக்குக் குத்தியது, மூன்றும் ஒரே கட்டில் பக்கம். "புதுப் பிள்ளைகளுக்குக் கவனம் பத்தலை" என்று திட்டு விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு நாள் அந்தக் கட்டிலில் நானே உட்கார்ந்து பார்த்தேன். டப்பா கதவுக்குப் பின்னால் தொங்கியது. கதவு திறந்திருந்தால் அது கண்ணுக்கே தெரியாது, வார்டுக் கதவோ நாள் முழுக்கத் திறந்துதான் கிடக்கும். எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டு, கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கொக்கி அடிக்கச் சொல்லி டப்பாவை அதில் மாட்டினோம்.